பாடப்புத்தகத்தை அப்புறம் திறக்கலாம்: பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தனிப் பாடத்திட்டம் எழுதும் முறை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வட்டார வள மையத்துக்கு வரும் புது சிறப்பாசிரியர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “தனிநபர் கல்வித் திட்டத்துக்கு ஃபார்மட் இருக்குதுங்களா?” இருக்கிறது. தனிநபர் கல்வித் திட்டம் என்பது ஒரு பிள்ளைக்கென்றே எழுதும் தனிப் பாடத்திட்டம்தான்; அந்த ஃபார்மட்டை நிரப்ப அரை மணி நேரம் போதும். ஆனால் நிரப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையோடு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால் அது கோப்புக்கு எழுதிய திட்டம், பிள்ளைக்கு எழுதியது இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகவும், வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெற்றோரும் பின்பற்றலாம். விளக்கத்துக்கு ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். பல்லடம் பக்கம் ஒரு கிராமம், வயது 11. மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு, அவ்வப்போது வலிப்பு. பேச்சு வரவில்லை, பிடித்தால் சிரிப்பான், பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வலது கை ஓரளவு சொன்ன பேச்சுக் கேட்கும், இடது கை கேட்காது. அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார். பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது அமுச்சிதான், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. ஆறாம் வகுப்பில் பெயர் இருக்கிறது. பள்ளிக்கு வாரத்தில் சில நாள் வருவான்.

படி 1: காகிதங்களைப் படியுங்கள், படித்துவிட்டு ஓரமாக வையுங்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பல்வகைக் குறைபாடும், அதாவது ஒரே பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பதும், அதில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அந்தச் சதவீதம் உதவித்தொகைக்கும் சலுகைக்கும் தேவை. பாடத்திட்டத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. சான்றிதழில் 80 என்று பார்த்ததும் “இவனுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது” என்று மனதில் ஒரு கோடு விழுந்துவிடும். அதனால்தான் ஓரமாக வைக்கச் சொல்கிறேன்.

நீங்கள் தேட வேண்டியவை வேறு. கண், காது இரண்டும் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன? வலிப்பு மாத்திரை எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு தூக்கம் வருகிறதா? சாப்பிடும்போது புரை ஏறுகிறதா? இந்தப் பதில்கள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கண் தெரியாத பிள்ளைக்குப் படம் காட்டிவிட்டு “கவனம் இல்லை” என்று எழுதியிருக்கும் கோப்புகள் எல்லா ஊரிலும் உண்டு.

படி 2: ஒரு முழு நாளைப் பாருங்கள்

பள்ளியில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வீட்டுக்குப் போங்கள். காலையில் எழுப்புவது, பல் தேய்த்து விடுவது, தண்ணி வாத்து (குளிப்பாட்டி) விடுவது, சோறு ஊட்டுவது, மதியம் சும்மா கிடப்பது என்று மணிவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் எதிரே இரண்டு விஷயம்: அவனுக்காக மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், அவனாக என்ன செய்கிறான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பல்லடம், சோமனூர் பக்கம் பல வீடுகளை ஒட்டியே தறிக்குடோன் இருக்கும். தறி ஓடும்போது நாம் பேசுவதே நமக்குக் கேட்காது. அந்தச் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையன் திரும்பவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தால் அந்தக் குறிப்பு செல்லாது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இன்னொரு முறை போங்கள். அன்றைக்குத் திரும்பினான் என்றால், கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தை முதலில் மாற்ற வேண்டும் என்று பொருள். அன்றைக்கும் திரும்பவில்லை என்றால் காது பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

படி 3: இப்போது எங்கே நிற்கிறான்?

இதற்கு ஆயத்தமான பட்டியல்கள் உண்டு. சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) அதில் ஒன்று: 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள். உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்வது என்று தொடங்கி நேரம், பணம், ஓய்வுநேரம், தொழில் வரைக்கும் போகும். செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. (ஃபங்ஷனல் அசெஸ்மென்ட் செக்லிஸ்ட் ஃபார் புரோகிராமிங்) பட்டியலையும் பலர் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் சரி, ஒரே உட்காரலில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

எழுதும்போது ஒரு விதி. “முடியாது” என்ற சொல்லே தாளில் வரக்கூடாது. அதற்குப் பதில் எவ்வளவு உதவி வேண்டும் என்று எழுதுங்கள்: தனியாகச் செய்கிறான், சொன்னால் செய்கிறான், சைகை காட்டினால் செய்கிறான், கையைப் பிடித்தால் செய்கிறான். “தானாகச் சாப்பிட முடியாது” என்று எழுதினால் அத்தோடு கதை முடிந்தது. “மணிக்கட்டைப் பிடித்துக் கொடுத்தால் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறான்” என்று எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

இன்னொன்று. மூளை முடக்குவாதம் என்றாலே அறிவுக் குறைபாடும் இருக்கும் என்று முடிவு கட்டக்கூடாது. உடம்பு ஒத்துழைக்காத, ஆனால் எல்லாம் புரிகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குப் பாடத்தைக் குறைப்பது அநியாயம். பதில் சொல்ல வழி செய்து கொடுத்தால் போதும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே பள்ளி மூலம் விண்ணப்பிக்கும் வேலையைப் பாருங்கள்.

படி 4: நான்கே இலக்குகள்

இங்கேதான் கை நடுங்கும். 360 செயல்களில் எதை எடுப்பது, எதை விடுவது? என் கணக்கில் ஒரு பருவத்துக்கு நான்குக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு எழுதினால் அதிகாரிக்குப் பிடிக்கும்; ஆனால் ஒன்றும் நடக்காது.

வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். நம்ம பையன் வீட்டில் அப்பா சொல்வது: “பேரு எழுதப் பழக்கிட்டாப் போதுமுங்க.” அமுச்சி சொல்வது: “தண்ணி வேணும்னு ஒருவாட்டி கேட்டாப் போதுமுங்க டீச்சர். தவிச்சுக் கெடக்கறானா, வகுத்து வலியான்னே தெரீல.” இரண்டுமே நியாயம். ஆனால் அமுச்சி சொன்னதுதான் முதல் இலக்கு. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு மற்றது எல்லாமே அப்புறம்தான்.

அப்பா சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். பென்சில் பிடிப்பது இப்போதைக்குத் தூரம். ஆனால் இரண்டு பெயர் அட்டைகளில் தன் பெயரைக் கண்டுபிடித்து, வருகைப் பலகையில் ஒட்டலாம். இது இரண்டாவது இலக்கு. மூன்றாவது, கரண்டியால் சாப்பிடுவது. நான்காவது, வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு நோட்டு வீதம் கொடுப்பது. ஒன்றுக்கு ஒன்று என்கிற கணக்கின் முதல் பாடம் அதில் இருக்கிறது; மற்ற பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்து நோட்டு வாங்குவதும் இருக்கிறது.

இலக்கை எழுதும் விதம் முக்கியம். “தகவல் தொடர்புத் திறன் மேம்படும்” என்பது யாருக்கும் பயன்படாத வரி. இப்படி எழுதுங்கள்: “மதியச் சாப்பாட்டின்போது, டம்ளர் படமும் சோப்புப் பெட்டிப் படமும் முன்னே இருக்க, யாரும் கையைத் தொடாமல், 5 முறையில் 4 முறை டம்ளர் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்பான், தொடர்ந்து மூன்று நாள்.” எப்போது, எதை வைத்து, எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. வேறு ஆசிரியர் வந்து பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவார்.

படத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அவன் தினமும் குடிக்கிற அதே டம்ளர். அதைத் தொட்டால் உடனே தண்ணீர். அது பழகிய பிறகு அதே டம்ளரின் புகைப்படம். கோட்டுப் படம் அதற்கும் பிறகு. இடங்களை மாற்றி மாற்றி வையுங்கள். எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் அவன் படத்தைப் பழகுவதில்லை, பக்கத்தைத்தான் பழகுகிறான். வலது கைதான் எட்டும் என்பதால் இடம் வலமாக மாற்றாமல் மேல் கீழாக மாற்றுங்கள். அப்புறம், காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் கை கிளம்பவே அவ்வளவு நேரம் ஆகும். நாம் மூன்று எண்ணுவதற்குள் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

படி 5: செயலை உடையுங்கள், கடைசியிலிருந்து தொடங்குங்கள்

கரண்டியால் சாப்பிடுவதை எடுத்துக்கொள்வோம். புரை ஏறுகிற பிள்ளை என்றால் மருத்துவரையோ சிகிச்சையாளரையோ கேட்காமல் இதில் கை வைக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வேண்டும், பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும், தலை பின்னால் சாயக்கூடாது. இவை சரியாக இருந்தால்தான் மற்றது.

பொருள்களுக்கு அலைய வேண்டாம். விளிம்பு உயர்ந்த வட்டல் (தட்டு) ஒன்று. நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. கரண்டிக் காம்பு மெல்லியதாக இருந்தால் பிடிபடாது. பனியன் வேஸ்ட் துணியை இறுக்கமாகச் சுற்றி நூலால் கட்டினால் அருமையான பிடி கிடைக்கும். திருப்பூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. வாரம் ஒருமுறை பிரித்து மாற்றிவிடுங்கள், ஊறிப்போனால் நாறும். சாப்பாடு, குழைந்த அரிசிம்பருப்புச் சாதம். கரண்டியில் ஒட்டி நிற்கும், சிந்தாது. ரசஞ்சோறு இப்போது வேண்டாம்.

செயலை உடைத்தால்: கரண்டியைப் பிடிப்பது, வட்டலுக்குக் கொண்டுபோவது, அள்ளுவது, தூக்குவது, வாய்க்கருகே கொண்டுவருவது, வாயில் வைப்பது. எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கத்தான் தோன்றும். ஆனால் அள்ளுவதுதான் இதில் மிகக் கடினம். அங்கேயே தோற்றுப்போய் அழுவான். அதனால் கடைசித் துண்டை மட்டும் அவனுக்கு விடுங்கள். உங்கள் கை அவன் கை மேல் இருந்து எல்லாம் செய்து, வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடியைத் தளர்த்துங்கள். மிச்சம் அவன் செய்வான். செய்ததும் வாயில் சோறு. அதைவிடப் பெரிய பாராட்டு தேவையில்லை. அது நிலைத்ததும் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பிடியை விடுங்கள். உதவியும் அப்படியே கையிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு என்று பின்வாங்க வேண்டும்.

படி 6: இப்போது பாடப்புத்தகம்

வகுப்பில் எடை, அளவை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் கிராமைக் கிலோவாக மாற்றிக்கொண்டிருக்கும்போது அவனை மூலையில் உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொல்வது வழக்கம். அதற்குப் பதில் மேசையில் ஒரு தராசு வையுங்கள். ஒரு தட்டில் தேங்காய், இன்னொன்றில் விரலி மஞ்சள். எந்தத் தட்டு இறங்கியது? அவன் தொட்டுக் காட்டட்டும்; பக்கத்துப் பையன் எடைக்கல் வைத்து நிறுத்து எடையை எழுதட்டும். ஒரே பாடம், ஒரே மேசை, இலக்கு மட்டும் வேறு. எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. பொருந்தாத நாளில் அவனுடைய நான்கு இலக்குகளில் ஒன்றைச் செய்யுங்கள், வலிந்து இணைக்க வேண்டாம்.

பள்ளிக்கே வர முடியாத அளவு பாதிப்பு இருந்தால் வீட்டில் இருந்தே கற்பதற்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்போதும் இதே படிகள்தான்.

படி 7: யார், எப்போது?

ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே ஒரு ஆள், ஒரு நேரம். தண்ணீர் கேட்பது: அமுச்சி, மதியம், பள்ளியில் சத்துணவு நேரத்தில் வகுப்பாசிரியர். பெயர் அட்டை: பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை, காலை வருகைப் பதிவின்போது. ஓவர்டைம் முடிந்து இரவு எட்டு மணிக்கு வரும் அம்மாவுக்குப் பயிற்சி எதையும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் அவர் பையனை மடியில் போட்டுக் கொஞ்சினால் போதும். அமுச்சிக்குப் படிக்க வராது என்றால், கரண்டி பிடிக்கும் விதத்தைப் போனில் வீடியோ எடுத்துக் கொடுங்கள்.

படி 8: குறித்து வையுங்கள், மூன்று மாதத்தில் திருப்பிப் பாருங்கள்

பெரிய பதிவேடு வேண்டாம். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். தானாகச் செய்தால் ஒரு கோடு, உதவியோடு செய்தால் ஒரு புள்ளி. வலிப்பு வந்த நாளில் சுழித்து வையுங்கள். அன்றைய கணக்கு சேராது. இரண்டு வாரம் புள்ளி கோடாக மாறவே இல்லை என்றால், துண்டு பெரிதாக இருக்கிறது, இன்னும் சிறிதாக உடையுங்கள். அல்லது அவனுக்கு அந்தப் பொருளில் ஆசை இல்லை, வேறு பொருளை எடுங்கள்.

செப்டம்பரில் வீட்டாரை உட்கார வைத்து நான்கு இலக்குகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எட்டியதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பருவம் முழுக்க நகராததைத் தயங்காமல் மாற்றுங்கள். 14 வயதுக்குப் பிறகு எழுத்துப் பாடத்தின் பங்கு குறைந்து வேலைப் பழக்கம் கூட வேண்டும்: பனியன்களை டஜன் டஜனாக அடுக்குவது, அவற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரை வெட்டுவது போல இந்த ஊரில் கிடைக்கிற வேலைகள். 18 வயது நெருங்கும்போது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வக் காப்பாளர் நியமனம் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பல பெற்றோருக்கு இது தெரியாது.

அடுத்த ஜூனில் புது வகுப்பாசிரியர் வருவார். அவர் கையில் தடித்த கோப்பைக் கொடுத்தால் பீரோவுக்குத்தான் போகும். நான்கு இலக்குகள், எவ்வளவு உதவி, மாத்திரை நேரம், எந்தக் கை எட்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அந்தக் கரண்டி வீடியோவோடு முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.