வீட்டில் கொலஸ்ட்ரால் பார்ப்பது எப்படி: ரிப்போர்ட் படிப்பதிலிருந்து ரத்தத் துளி வரை

களியக்காவிளைப் பக்கம் சர்க்கரை மீட்டர் இல்லாத வீடு இப்போது குறைவு. எங்கள் வீட்டிலும் அம்மாவுக்காக ஒன்று உண்டு. கொலஸ்ட்ரால் மீட்டர் வந்தபோதுதான் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்று தெரிந்தது. விரலில் குத்தத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: முதலில் லேபுக்குப் போங்கள்

மீட்டர் வாங்கும் முன் ஒரு தடவை முழு லிபிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். மார்த்தாண்டமோ பாறசாலையோ, எங்கே எடுத்தாலும் சரி. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் பரிசோதனையை 18 வயதிலேயே எடுக்கச் சொல்கிறது. வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் இன்னும் முன்பே எடுக்கலாம்.

படி 2: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே (இங்கே எண்கள் எல்லாம் மில்லிகிராம்/டெசிலிட்டர் கணக்கு) இருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை, அதாவது நல்ல கொலஸ்ட்ராலை, கழியுங்கள். ஒருவருக்கு மொத்தம் 190, எச்டிஎல் 35 என்றால் மிச்சம் 155. இன்னொருவருக்கு மொத்தம் 210, எச்டிஎல் 70 என்றால் மிச்சம் 140. மொத்தம் குறைவாக இருப்பவருக்குத்தான் இங்கே கெட்ட கொழுப்பு கூடுதல். இந்த மிச்சத்துக்கு நான்-எச்டிஎல் என்று பேர். ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்புத் துகள்கள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

பெரிய ஆபத்து எதுவும் இல்லாதவருக்கு இது 130-க்குள், எல்டிஎல் (கெட்ட கொழுப்பில் முக்கியமானது) 100-க்குள் இருக்கவேண்டும். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவருக்கு எல்டிஎல் 70-க்குள், நான்-எச்டிஎல் 100-க்குள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 55-க்குள், நான்-எச்டிஎல் 85-க்குள். லேப் பேப்பரில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' அளவு எல்லாருக்கும் பொதுவானது. உங்கள் அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

நான்-எச்டிஎல்லை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972-ல் வந்த சூத்திரம் அது. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் அந்தக் கணக்கு செல்லாது. கல்யாண வீட்டில் சாப்பிட்ட கையோடு போனாலும் ட்ரைகிளிசரைடு ஏறி, எல்டிஎல் குறைந்ததுபோலக் காட்டலாம். நான்-எச்டிஎல்லுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. ட்ரைகிளிசரைடு கூடுதலாக வந்தால் மட்டும் 10–12 மணிநேரம் சாப்பிடாமல் இருந்து இன்னொரு தடவை பாருங்கள்.

படி 3: எந்த மீட்டர்?

சர்க்கரை, யூரிக் ஆசிட், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்க்கும் விலை குறைந்த மீட்டர்கள் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் காட்டும். எச்டிஎல் தெரியாமல் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? வாங்குவதானால் எச்டிஎல்லும் ட்ரைகிளிசரைடும் காட்டுகிற மீட்டரையே வாங்குங்கள். அதன் ஸ்ட்ரிப் விலை அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறவர்கள் லேப் ஆளை வீட்டுக்கு வரவழைப்பதே லாபம் என்பது என் கருத்து. நடக்கமுடியாத பெரியவர்களும், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று பேரும் உள்ள வீட்டில் மீட்டர் உதவும்.

படி 4: துளி

எல்லாரும் இடறுவது இங்கேதான். சர்க்கரை ஸ்ட்ரிப்புக்கு ஒரு மைக்ரோலிட்டர்கூட வேண்டாம். கொலஸ்ட்ரால் ஸ்ட்ரிப் பலவற்றுக்கு 15-லிருந்து 40 மைக்ரோலிட்டர் வரை வேண்டும். துளி விரலில் உருண்டு தொங்கவேண்டும். வரவில்லையே என்று விரல்நுனியைப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வரும், எண் இறங்கிவிடும்.

பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில், சர்க்கரைக்கு வைப்பதைவிட ஒரு அளவு ஆழம் கூட்டிக் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலடி வரை மெல்ல நீவிவிடுங்கள். அடுத்த துளி தானாக உருண்டு வரும். அதை ரத்தம் எடுக்கிற சின்னக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் எடுத்து ஸ்ட்ரிப்பில் விடுங்கள்.

கைக்கு க்ரீமோ சானிடைசரோ போட்டிருந்தால் கழுவாமல் பார்க்கவே கூடாது. ட்ரைகிளிசரைடை உடைத்து அதில் வரும் கிளிசரினைத்தான் ஸ்ட்ரிப் அளக்கிறது. க்ரீமிலும் பல சானிடைசர்களிலும் கிளிசரின் உண்டு. கையில் அது ஒட்டியிருந்தால் இல்லாத ட்ரைகிளிசரைடை மீட்டர் காட்டும்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடுங்கள். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் போச்சு.

படி 5: எண் வந்த பிறகு

கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கினால் 4-லிருந்து 12 வாரத்துக்குள் லேபில் ஒருமுறை பார்க்கவேண்டும். காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்த கையோடு பார்த்தால் கொலஸ்ட்ரால் குறைவாகத் தெரியும். சில வாரம் பொறுங்கள். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது இறங்கியதே மாத்திரையால்தான். எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் காரணம் இருக்கலாம், பிள்ளைகளுக்கும் பார்க்கவேண்டும். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து, உடனே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி வந்தால் மீட்டரைத் தொடவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவருக்கும் மாரடைப்பு வரும்.

பிற்சேர்க்கை: தேங்காய் எண்ணெய் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போடுவது உண்மைதான், தாவர எண்ணெய் எதிலும் அது இருக்காது. ஆனால் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றும். துவரனுக்குத் (தேங்காய் போட்ட பொரியல்) தாளிக்க ஒரு ஸ்பூன் போதும். சாளை (மத்தி) மீனைப் பொரிப்பதைவிடக் குழம்பு வையுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: வளைகுடாவில் எடுத்த ரிப்போர்ட்டில் 5.2 என்று இருக்கிறதே, குறைவுதானே என்று ஒருவர் கேட்டார். அங்கே பல இடங்களில் மில்லிமோல் கணக்கு. 38.67-ஆல் பெருக்கினால் 201 வரும். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.57-ஆல் பெருக்கவேண்டும்.