வண்டி மிஸ் அடிக்கிறதா? ப்ளக் வாங்கும் முன் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

ஐப்பசி மழையில் தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும்போது என் கார் குலுங்க ஆரம்பித்தது. வண்டி நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் புல்லிங் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சளாக எஞ்சின் படம். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக் நான்கையும் மாற்றித் தந்தார்கள். இரண்டே நாளில் பழைய நடுக்கம் திரும்பியது. கெட்டுப்போயிருந்தது மூன்றாவது சிலிண்டரின் காயில், அதாவது ப்ளக்குக்கு மின்சாரம் அனுப்பும் பாகம். அதை நானே கண்டுபிடித்த வழியை இங்கே எழுதுகிறேன். இது பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசலில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது.

1. லைட் நின்று எரிகிறதா, மின்னுகிறதா?

நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்துவிடலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்த வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயில் செலவில் முடிய வேண்டியது பல மடங்காகிவிடும். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

2. கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண், code) எடுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் ஸ்கேனர் செருகுவதற்கான 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் ஆப் வழியாகப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 வந்தால் எந்தச் சிலிண்டர் என்று எஞ்சின் கம்ப்யூட்டரால் தீர்மானிக்க முடியவில்லை, அல்லது பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது என்று பொருள். கோடை எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள்.

3. காயிலை இடம் மாற்றுங்கள்

எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். எஞ்சின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது காயிலைத் தொடவே கூடாது, அதிலிருந்து வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். பல கார்களில் ஒவ்வொரு ப்ளக்குக்கும் மேலே தனித்தனிக் காயில் இருக்கும், 10 எம்எம் போல்ட் ஒன்று பிடித்திருக்கும். முதல் சிலிண்டர் எது என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதுதான்.

கனெக்டரின் லாக்கை அழுத்தி மெதுவாகக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் கையோடு வந்துவிடும். மூன்றாவது காயிலை இரண்டாவதின் இடத்திலும், இரண்டாவதை மூன்றாவதிலும் போட்டு, கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் பழுது காயிலோடு நகர்ந்திருக்கிறது, காயில்தான் போய்விட்டது. பி0303 அப்படியே இருந்தால் காயில் நல்லது. இதே முறையில் ப்ளக்கையும் மாற்றிப் பார்க்கலாம்.

காயிலை வெளியே எடுத்த கையோடு கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, காயிலின் ரப்பர் குழாயில் தலைமுடி கனத்தில் வெள்ளைக் கீற்று ஓடியிருந்தது. மின்பொறி ப்ளக்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே பாய்ந்த தடம் அது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இந்தப் பின்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும், உப்புக்காற்று செம்பை விடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழையும் உண்டு, ஈரம் காய நேரமே கிடைக்காது. வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.

4. ப்ளக் என்ன சொல்கிறது

நுனி இளம் பழுப்பாக இருந்தால் நன்று. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு ப்ளக் குழிக்குள் தேங்கியிருந்தால் மேலே உள்ள வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, நுனியிலேயே இருந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது. திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். அலுமினிய மரை ஒருமுறை கெட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

5. காயிலும் ப்ளக்கும் நல்லதென்றால்

தோப்போரம் நிறுத்துபவர்கள் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள். பி0300 என்றால் காற்றுக் குழாயில் விரிசலையும் பெட்ரோலையும் சந்தேகப்படலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். இன்ஜெக்டர், கம்ப்ரஷன் சோதனையெல்லாம் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால் எடுத்த கோடையும் மாற்றிப் பார்த்ததையும் எழுதிக்கொண்டு போங்கள். அண்ணே, காயிலை மாத்திப் பாத்தேன், கோடு நகரலை என்று சொன்னால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

பாகத்தை மாற்றியதும் கோடை அழித்துவிட்டு, எஞ்சினுக்குப் பாரம் கிடைக்கிற ஏற்றத்தில் ஓட்டுங்கள். நான் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி இறங்கி, குலசேகரம் வரை போய் வந்தேன். திரும்பி வந்து மறுபடி ஸ்கேன் செய்தபோது, இன்னும் உறுதியாகாத பழுதைக் காட்டும் பெண்டிங் கோடுகள் பக்கமும் காலியாக இருந்தது.