தகுதியற்ற துணை நடிப்பு விருது: வாதாடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் திரைப்படக் கழகத்தில் ஆண்டுதோறும், ஆஸ்கர் முடிவுகளின் சூடு தணிந்த பிறகு, துணை நடிப்புக்கான விருதைச் சற்றும் தகுதியின்றிப் பெற்றவர் யார் என்று ஒரு மாலை முழுவதும் வாதாடுவது வழக்கம். இம்முறை புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் பேசியதைக் கேட்டபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுந்து நின்று உளறியதை யாரோ பதிவு செய்து வைத்திருந்து திரும்பப் போட்டதுபோல் இருந்தது. பெயரையும் ஆண்டையும் மாற்றிச் சொல்வதைக் கைப்பேசியே திருத்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வதந்தியைச் சான்றாக வைப்பது

1993 மார்ச்சில் நடந்த விழாவில் 'மை கசின் வின்னி' படத்துக்காக மரிசா டோமெய் சிறந்த துணை நடிகை விருதைப் பெற்றார். பெயரை அறிவித்தவர், முந்தைய ஆண்டு துணை நடிகர் விருதை வாங்கிய கையோடு மேடையிலேயே ஒற்றைக் கையில் தண்டால் எடுத்த ஜாக் பாலன்ஸ். உறைக்குள் இருந்தது வனெஸ்ஸா ரெட்கிரேவின் பெயர் என்றும், கிழவர் தடுமாறி வேறு பெயரைப் படித்துவிட்டார் என்றும், ஆஸ்கரை வழங்கும் அகாடமி அவமானத்துக்கு அஞ்சி அதை மூடி மறைத்தது என்றும் ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது.

அந்தக் கதையைத்தான் நானும் கண், காது வைத்துச் சொன்னேன். அரங்கம் சிரித்தது, வென்றுவிட்டதாகவே நினைத்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, மற்ற நால்வரின் படங்களில் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒன்றும் பார்த்ததில்லை. "சரி, இந்தப் படத்தையாவது முழுதாகப் பார்த்தீர்களா?" தொலைக்காட்சியில் பாதி பார்த்திருந்தேன். அதன்பின் மூன்று ஆண்டுகள் கழகத்தில் எனக்கு 'உறை' என்றுதான் பெயர்.

வாக்குகளை எண்ணும் தணிக்கை நிறுவனத்தின் இருவர் முடிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மேடையின் இரு பக்கமும் நிற்பார்கள். தவறான பெயர் வந்தால் தலையிடுவது அவர்கள் கடமை. 2017இல் சிறந்த படத்துக்கான அறிவிப்பில் உறை மாறியபோது, 'லா லா லேண்ட்' குழுவினர் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருக்கையிலேயே அது திருத்தப்பட்டு, விருது 'மூன்லைட்' படத்துக்குப் போனதை உலகமே பார்த்தது.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்தப் பொய்யைவிட அதற்கு அடியில் கிடக்கும் எண்ணம்தான்: நகைச்சுவைப் படத்தில் நடித்த ஓர் இளம்பெண், ரெட்கிரேவ், ஜோன் ப்ளோரைட், ஜூடி டேவிஸ், மிராண்டா ரிச்சர்ட்சன் ஆகிய நால்வரை நேர்மையாக வென்றிருக்கவே முடியாது என்ற எண்ணம். நீதிமன்றக் காட்சியை ஒருமுறை பாருங்கள். டோமெய் ஏற்ற பெண் காதலன்மீது கோபத்தோடு சாட்சிக் கூண்டில் ஏறுகிறாள். அவளுக்குக் கார்களைப் பற்றி என்ன தெரியும் என்று மடக்குவதற்காக அரசு வழக்கறிஞர், 1955ஆம் ஆண்டு செவ்ரலே காரில் 327 கன அங்குல எஞ்சினுக்கு இக்னிஷன் டைமிங் எவ்வளவு என்று கேட்கிறார். அந்த எஞ்சின் 1962இல்தான் வந்தது, ஆகவே கேள்வியே பிழை என்று அவள் சொல்லும்போது, குரலில் இருந்த எரிச்சல் மெல்ல மெல்லத் தொழில் தெரிந்தவளின் பெருமிதமாக மாறுகிறது. அந்த மாற்றத்தை டோமெய் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார். பின்னாளில் அவர் மேலும் இரண்டு முறை இதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்பதையும் வதந்தி பேசுவோர் சொல்வதில்லை. ஜூடி டேவிஸுக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று யாரேனும் வாதாடினால், நான் உட்கார்ந்து கேட்பேன், அது வாதம்.

நிமிடங்களை எண்ணுவது

'நெட்வொர்க்' படத்துக்காக இவ்விருதை வென்ற பியாட்ரிஸ் ஸ்ட்ரெயிட் திரையில் இருப்பது ஐந்து நிமிடங்களை ஒட்டித்தான். வேறொருத்தியைக் காதலிப்பதாகச் சொல்லும் கணவனிடம் அவர் வெடிக்கும் அந்த ஒரு காட்சியை நீக்கிவிட்டால், அந்த மனிதன் எதை இழக்கிறான் என்பதே நமக்குத் தெரியாமல் போகும். மறுபக்கம், பத்து வயதில் விருது வாங்கிய டேட்டம் ஓ'நீல் 'பேப்பர் மூன்' படம் நெடுக வருகிறார். முதன்மைப் பாத்திரத்தைத் துணைப் பிரிவில் நுழைத்ததைக் கண்டிக்கலாம், அதற்காக அக்குழந்தையின் நடிப்பைக் குறைத்துப் பேசக் கூடாது.

பின்னாளில் நடித்த படங்களைக் காட்டிப் பழிப்பது

விருது அந்த ஓராண்டு நடிப்புக்கு மட்டும்.

அகாடமியை ஒற்றை ஆளாக நினைப்பது

பரிந்துரைப்பவர்கள் நடிகர்கள், இறுதியில் வாக்களிப்பவர்கள் எல்லாப் பிரிவினரும். ஐவரில் அதிக வாக்குப் பெற்றவருக்கு விருது என்பதால், கணக்குப்படி 20 சதவீதத்துக்குச் சற்று மேல் பெற்றவரும் வெல்லலாம். எண்ணிக்கையை ஒருபோதும் வெளியிடுவதில்லை. 1972ஆம் ஆண்டுப் படங்களுக்கான போட்டியில் 'காட்ஃபாதர்' படத்தின் பசீனோ, கான், டுவால் மூவரையும் 'காபரே' படத்தின் ஜோயல் கிரே வென்றார். வாக்குகள் மூன்றாகப் பிரிந்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்கள், பார்க்காத கணக்கைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

சொல்லில் வழுக்குவது

கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர். இங்கே பேசப்படுவது நாம் குணச்சித்திர நடிப்பு என்பதற்கு நெருக்கமானது. வேடிக்கை என்னவென்றால், இவ்விருது தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை வென்ற வால்டர் பிரென்னன், கூட்டத்தில் நின்று வளர்ந்தவர்தான்; அப்போது கூட்ட நடிகர்களுக்கும் வாக்குரிமை இருந்தது.

வென்றவரைத் திட்டாமல் வாதாட முடியாது என்று எண்ணுவது

தகுதியின்றிப் பெற்றவர் யார் என்ற கேள்விக்கு என் தேர்வு, 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' படத்துக்காக 1975இல் வென்ற இங்கிரிட் பெர்க்மன். ஏற்கெனவே இரண்டு ஆஸ்கர் வாங்கியிருந்ததால், மூத்த கலைஞருக்குச் செலுத்த வேண்டிய பழைய பாக்கி என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. விசாரணைக் காட்சியில் ஒரே நீண்ட ஷாட்டில் அவர் திக்கித் திணறுவது திறமைதான் என்றாலும், அந்த ஆண்டு போட்டியில் 'டே ஃபார் நைட்' படத்தின் வலென்டினா கொர்த்தேசே இருந்தார். பெர்க்மனே மேடையில் நின்று கொர்த்தேசேயின் நடிப்பைப் புகழ்ந்து, அவரிடம் மன்னிப்பும் கேட்டார். படப்பிடிப்பில் வசனம் மறந்துபோன மூத்த நடிகையாக வரும் கொர்த்தேசே, வெளியேற வேண்டிய கதவுக்குப் பதில் அலமாரிக் கதவைத் திறக்கிறார். மறுபடியும் எடுக்கிறார்கள், மறுபடியும் அதே அலமாரி.