முதிர்ந்த மாமரத்தைக் கவாத்து செய்தல்

முருங்கையைக் காய்ப்பு ஓய்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும். அதே பழக்கத்தில், முப்பது நாற்பது வயதான கொல்லை மாமரத்தையும் மொட்டையடித்துவிடுபவர்கள் பலர். மாமரத்துக்கு அது ஆகாது. உச்சியை இழந்த மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்துகளை, அதாவது புதுக் கிளைத் துளிர்களை, விடும். அவை கிளையின் உள்மரத்தோடு பிணையாமல் மேலோடு ஒட்டியே வளர்வதால், வெட்டுவாய் உளுக்கத் தொடங்கிய பின் ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கு முதலில் முறிபவை அவையே.

அறுவடை முடிந்த கையோடு, பிந்தினால் செப்டம்பருக்குள், கவாத்தை (கிளைகளை வெட்டிச் சீராக்குவதை) முடித்துவிட வேண்டும். அதன் பிறகு வெட்டினால், வரும் துளிர் மார்கழி, தையில் பூப்பதற்குள் முற்றாது. அந்த ஆண்டு விளைச்சல் குறையும்.

முதலில் பட்டுப்போன கிளைகள், பிறகு ஒன்றோடொன்று உராய்பவை, அடுத்து இடுக்கில் பட்டை சிக்கிய குறுகிய கவைகள் (கிளை பிரியும் இடங்கள்) என்ற வரிசையில் பார்க்கலாம். பச்சைத் தழையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்கக் கூடாது. மிக வயதான மரமென்றால் அதிலும் குறைவாகவே. உள்ளே வெளிச்சம் விழட்டும் என்று நடுவிலுள்ள சிறு கிளைகளை முழுவதும் வழித்தெடுத்து நுனியில் மட்டும் தழையை விட்டால், கிளையின் பாரமெல்லாம் முனைக்குப் போய்க் காற்றில் கூடுதலாக ஆடும்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. என் வீட்டு வேம்பில் தொடை கனமுள்ள கிளையொன்றை மேலிருந்து அறுத்தபோது, பாதியிலேயே அது மடிந்து, அடிமரத்துப் பட்டையை இரண்டு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கியது. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்திருந்தால் அது நேர்ந்திருக்காது. அந்த அடிவெட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிய பிறகே, மிஞ்சிய கட்டையை எடுக்க வேண்டும். கிளை தாய்மரத்தோடு சேருமிடத்தில் மோதிரம் போட்டதுபோல் சற்றுப் புடைத்த வளையம் தெரியும். காயத்தை மூடும் புதுப் பட்டை அங்கிருந்துதான் உருண்டு வருவதால், அந்த வளையத்தைத் தொடாமல் அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். மரத்தோடு மட்டமாகச் சீவுவதும் தவறு, முளைபோல் கட்டையை விடுவதும் தவறு.

தாரோ பெயிண்டோ பூச வேண்டியதில்லை. மாமரத்தில் மட்டும், பூசண நோய்க்குக் காப்பாக, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் சேர்த்த போர்டோ பசையை வெட்டுவாயில் தடவுவது வழக்கம்.

அடிமரத்தில் காளான் பூத்திருந்தாலோ, ஒரு பக்கம் மண் வெடித்து வேர் தூக்கியிருந்தாலோ கவாத்தால் பயனில்லை. மரம் ஏறும் முன்பே அனுபவமுள்ளவரை அழைத்துக் காட்ட வேண்டும். மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை, சிறிதானாலும், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டும்.