பழைய காரின் ஆக்ஸில் மரை கெட்டிருந்தால் எப்படிப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

பழைய காரின் பின் சக்கர ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுக்குடத்தை) உருவி எடுத்ததும் ஆக்ஸில் முனையைப் பார்த்து மனசு விட்டுப்போகிறவர்கள் நிறையப் பேர். முனை அடிபட்டு விரிந்திருக்கும், முதல் இரண்டு மூன்று மரை நசுங்கியிருக்கும், நட்டு ஏறவே ஏறாது. அதைப் பார்த்த உடனே ஆக்ஸில் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணுக்கு ரொம்ப மோசமாகத் தெரியும் அந்த வெளிமுனைதான் இருப்பதிலேயே குறைவாகச் சுமை தாங்கும் இடம்.

நட்டை முறுக்கும்போது, அது ஹப்பையோ வாஷரையோ அழுத்தும் பக்கத்தில் உள்ள முதல் மரை மட்டுமே மொத்த இழுவிசையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அடுத்தடுத்த மரைகளுக்கு வரவரச் சுமை குறைந்துகொண்டே போகும். காட்டர் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகி மடக்கும் கம்பி) போடும் காடி நட்டாக இருந்தால், காடி வெட்டியிருக்கும் வெளிப்பகுதிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அதனால்தான் நான் முனையைப் பார்ப்பதற்கு முன்னால் உள்பக்க மரையைப் பார்க்கிறேன். அங்கே நான்கைந்து மரை முழுசாக இருந்தால் அந்த ஆக்ஸிலைக் காப்பாற்ற வழி உண்டு.

இந்த நட்டு என்ன வேலை செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்ட் மாடல் ஏ போன்ற வண்டிகளில் ஹப் ஒரு டேப்பர் மீது, அதாவது முனை நோக்கிக் குறுகும் கூம்பு மீது, உட்கார்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் காடியில் உட்காரும் சின்ன உலோகத் துண்டான ஒரு கீ. எஞ்சினின் முறுக்குவிசையைச் சக்கரத்துக்குக் கடத்துவது கீ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கைக் கடத்துவது இறுக்கமாக உட்கார்ந்த டேப்பரின் பிடிமானம்தான். அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பது நட்டு. மரை கெட்டு நட்டு சரியாக இறுகாவிட்டால் ஹப் லேசாக ஆட ஆரம்பிக்கும், டேப்பர் தேயும், கீ வெட்டுப்படும், கடைசியில் கீ காடியின் ஓரத்தில் ஆக்ஸிலே விரிசல் விடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் டேப்பர் கிடையாது, ஹப்பும் ஆக்ஸிலும் பற்களால் கோத்துக்கொள்ளும் பல்வரிதான். அங்கேயும் 36 மில்லிமீட்டர் ஸ்பேனர் போடும் அந்த நட்டை சுமார் 294 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு விசையைத் தாங்கப்போகும் மரையை ஏனோதானோ என்று அராவிவிட முடியாது.

முதலில் சுத்தம். ஆயில் சீலையும் பேரிங்கையும் துணியால் நன்றாக மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வைத்து மரையின் பள்ளத்தில் இருக்கும் பழைய கிரீஸ், துரு எல்லாவற்றையும் எடுங்கள். துடைத்துக் காயவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். முகடுகளின் நிழல் ஒரே சீராக விழுந்தால் மரை நன்றாக இருக்கிறது. நிழல் எங்கே உடைகிறதோ அங்கே கையை வையுங்கள்.

சுத்தியலால் வெறும் முனையில் அடித்திருந்தால் வெளிமுனை மட்டும் விரிந்து, உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும். இதுதான் அதிகம், இதுதான் எளிதும். நட்டைக் கோணலாக ஏற்றியிருந்தால் இரண்டு மரைத் தடம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது தெரியும். சக்கரத்தின் இறுக்கம் விட்டு ஓடிய வண்டியில் மரையின் ஒரு பக்கச் சரிவு மட்டும் தேய்ந்து பளபளக்கும். மோசமானது, அளவுக்கு மீறி இறுக்கியதால் இழுபட்ட மரை. பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் மரையின் இடைவெளியை அளக்கும் பல் தகடான மரை கேஜை வைத்தால் முனையில் சரியாக உட்காரும், நடுவில் உட்காராது. அந்த இடத்தில் விட்டமும் லேசாகச் சிறுத்திருக்கும். இழுபட்ட ஆக்ஸிலை நான் திரும்பப் பூட்டுவதில்லை.

அடுத்து அது எந்த மரை என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் நல்ல மரையும் போய்விடும். முக்கால்வாசிச் சேதமே தப்பான நட்டைப் பலவந்தமாக ஏற்றியதால் வந்ததுதான். உதாரணத்துக்கு, ஐந்தெட்டு (5/8) அங்குல விட்டம் என்பது 15.875 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் மெட்ரிக் நட்டு அதில் முதல் சில சுற்று சுகமாக ஏறும். ஆனால் அமெரிக்க நுண்மரையில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.41 மில்லிமீட்டர். மெட்ரிக் நுண்மரை 1.5 மில்லிமீட்டர். சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய் நட்டு இறுகிவிடும். அப்போது ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் திருகினால் கதை முடிந்தது. கேஜ் இல்லையென்றால் வெர்னியரால் பத்து மரையைச் சேர்த்து அளந்து பாருங்கள்: 14.1 வந்தால் 18 மரை, 15 வந்தால் மெட்ரிக். ஒரு மரையை மட்டும் அளந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

பிரிட்டிஷ் வண்டி என்றால் இன்னொரு சிக்கல். 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொதுவான மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் விட்வொர்த் குடும்பத்து மரைதான், கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையும் மெட்ரிக் மரையும் 60 டிகிரி. அதே ஐந்தெட்டு அங்குலத்துக்கு பிரிட்டிஷ் நுண்மரையில் அங்குலத்துக்கு 14தான். அப்புறம், இடக்கை மரையா என்றும் பாருங்கள். ஆக்ஸில் முனை மேல்நோக்கி இருப்பதாக வைத்துக்கொண்டால், மரை இடமிருந்து வலமாக ஏறினால் வலக்கை மரை, வலமிருந்து இடமாக ஏறினால் இடக்கை மரை. சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் இடக்கை மரை இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். மரை வெட்டும் கருவியான டையை எடுத்து முனையிலிருந்து உள்ளே திருகத்தான் எல்லோருக்கும் கை போகும். அது வேண்டாம். நசுங்கிய முனையில் டைக்குப் பிடிக்க நல்ல மரை இல்லை, அது தன் போக்கில் புதுத் தடம் வெட்டிக்கொண்டு போகும். நல்ல மரையில் தொடங்கி வெளியே வர வேண்டும், எனக்கு இந்த வேலையில் இதுதான் முதல் விதி.

முதலில் விரிந்த முனையை அரத்தால் சரிவாக எடுங்கள். முனையின் விட்டம் மரைப் பள்ளத்தின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறையும் வரை எடுக்கலாம். முனையின் நடுவில் லேத் சென்டருக்கான குழி இருக்கும், அதைக் கெடுக்காதீர்கள். பின்னால் வளைவு பார்க்கவோ லேத்தில் பூட்டவோ அது வேண்டும். அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் உலோகம் கடினப்படுத்தியது. அதற்கு வைர அரம் அல்லது சாணைக்கல் துண்டு வேண்டும்.

அப்புறம் மரை அரம். சதுரக் கம்பி மாதிரி இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு அளவுக்குப் பல் வெட்டியிருக்கும். சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பற்கள் நல்ல மரையிலும் மீதி கெட்ட மரையிலும் படும்படி வையுங்கள். நல்ல மரை அரத்துக்கு வழிகாட்டும், கெட்ட மரை அதன் பின்னால் வரிசைக்கு வரும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் லேசாக அழுத்தி, ஆக்ஸிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். சாதாரண முக்கோண ஊசி அரமும் 60 டிகிரி மரைக்கு உதவும். 55 டிகிரி மரையின் பள்ளத்தில் அது சரியாக உட்காராது. காட்டர் பின் துளையின் ஓரத்திலும் கீ காடியின் ஓரத்திலும் இருக்கும் பிசிறுகளை மறக்காமல் எடுங்கள்.

அரம் போட்ட பிறகு எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. அதே மரையில் ஒரு நல்ல நட்டை வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் இரண்டாக அறுத்து, அறுத்த ஓரங்களின் பிசிறை எடுத்துவிடுங்கள். இரண்டு பாதியையும் உள்ளே நல்ல மரையின் மீது வைத்து, பூட்டும் பிளையரால் இறுக்கி, எண்ணெய் விட்டு, கழற்றுகிற மாதிரி வெளிப்பக்கமாகத் திருகுங்கள். சாய்ந்த மரைகளை அது நிமிர்த்திக்கொண்டே வரும். இறுக்கமாகத் தோன்றினால் கொஞ்சம் பின்னால் திருப்பி, சுத்தம் செய்து, மறுபடியும். இதே வேலைக்கென்று பிளந்து மாட்டும் டையும் கிடைக்கிறது. கடைசியாக மட்டும்தான் அறுகோண டை நட்டை முனையிலிருந்து கையாலேயே ஏற்றிப் பார்க்கிறேன். அது மரையைச் சீர்படுத்துவதற்கானது. புது மரை வெட்டும் டையைப் போட்டால் இருக்க வேண்டிய உலோகமும் போய்விடும்.

முகடுகளின் உச்சி கொஞ்சம் மழுங்கியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், பிடிப்பது சரிவுதான். உள்பக்கச் சரிவுகள் பிய்ந்து போயிருந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் சிலர் விட்டத்தைக் குறைத்துச் சின்ன மரை வெட்டலாம் என்பார்கள். ஐந்தெட்டு நுண்மரையை அரை அங்குலமாக்கினால் இழுவிசை தாங்கும் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சக்கரத்தை ஓட்டும் ஆக்ஸிலில் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் மரை வெட்டுவதும் அப்படித்தான். கடினப்படுத்திய எஃகில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு நொறுங்கும் பட்டை உருவாகும். சூடாக்கவும் மெதுவாக ஆறவிடவும் தெரிந்த கைக்காரர் இல்லாமல் அதைத் தொடக்கூடாது, முன் சக்கரத்தைத் தாங்கும் குட்டை ஆக்ஸிலான ஸ்டப் ஆக்ஸிலில் யார் செய்தாலும் கூடாது. சக்கரம் தனியே கழன்று ஓடினால் சாலையில் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. வேறு ஆக்ஸில் தேடுங்கள்.

மரை தேறிவிட்டதென்றால், மாட்டுவதற்கு முன் கீ காடியின் முனையிலும் டேப்பர் முடிந்து மரை தொடங்கும் இடத்திலும் விரிசல் காட்டும் சாய ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதன் உள்மரையும் அடி வாங்கியிருக்கும். புது நட்டு கைவிரலாலேயே கடைசி வரை ஏற வேண்டும். டேப்பரைத் துடைத்துக் காய்ந்த நிலையில் ஹப்பை ஏற்றுங்கள்.

ஹப்பின் உள் டேப்பர் தேய்ந்திருந்தால் அது வழக்கத்தைவிட உள்ளே போய் உட்காரும். அப்போது நட்டு ஹப்பை அழுத்துவதற்கு முன்பே மரை தீர்ந்து அங்கே முட்டிக்கொள்ளும். டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஹப்போ தளர்வாக இருக்கும். வாஷருக்கு வெளியே மரை தொடங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அப்படியென்றால் தடித்த வாஷர் வேண்டும்.

டேப்பர் ஆக்ஸிலில் குறித்த அளவுக்கு இறுக்கியபின் காட்டர் பின் துளை நேராக வராவிட்டால், அடுத்த காடி வரை இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. முன் சக்கரத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே நட்டு பேரிங்கின் இடைவெளியை மட்டும்தான் வைக்கிறது, அதனால் பின்னால் திருப்பித்தான் துளையை நேராக்குவோம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பின் சக்கரத்தின் காட்டர் பின்னை உருவி மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஹப் ஓட்டத்தில் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் நட்டு இன்னும் கொஞ்சம் திரும்பும். திரும்பினால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, நட்டு அசையாத பிறகு புதுப் பின்னைப் போட்டு மடக்குங்கள்.