வாசலில் செய்யும் தவறுகள்: விழா நடத்துபவர்கள் கவனிக்க

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்தில் வாசல் பொறுப்பு என்னுடையது. மண்டபத்துக்கு இரட்டை இரும்புக் கேட். இரண்டையும் திறந்தால் எல்லோரும் ஒரேயடியாகப் புகுந்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, மற்றதன் தாழ்ப்பாளைத் தரையில் இறக்கிவிட்டேன். பத்தே நிமிஷம். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு அக்கா அந்த மூடிய கேட்டோடு ஒட்டிப்போனார். கண்ணாடி வளையல்கள் கம்பியில் பட்டு நொறுங்கின. குழந்தையைக் கேட்டுக்கு மேலே தூக்கித்தான் வாங்கினோம். பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட வேண்டுமென்று தள்ளவில்லை. முன்னால் என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இப்படி ஏதாவது நடந்தால் "ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை" என்கிறோம். அநியாயமான பேச்சு அது. அன்றைக்குப் பொறுமை எல்லோருக்கும் இருந்தது, வழிதான் இல்லை. அந்த வழியை அடைத்தவன் நான்.

நாம் அடிக்கடி செய்யும் தவறு கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. மைதானத்தில் எத்தனை பேர் பிடிக்கும் என்று பார்ப்போம். வாசல் வழியாக நிமிஷத்துக்கு எத்தனை பேர் போக முடியும் என்று பார்க்க மாட்டோம். பையைத் திறந்து பார்த்து, டிக்கெட்டை ஸ்கேன் செய்து ஒருவரை அனுப்ப ஆறு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் நிமிஷத்துக்குப் பத்துப் பேர், நான்கு வரிசையில் நாற்பது பேர். 5,000 பேர் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்தால், நிகழ்ச்சி தொடங்கும்போது பாதிப்பேர் தெருவில்தான் நிற்பார்கள். உள்ளே கைதட்டல் கேட்கும். தள்ளுமுள்ளு அங்கேதான் தொடங்கும். கேட்டைச் சீக்கிரம் திறக்க வேண்டும், அல்லது வரிசைகளைக் கூட்ட வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் நிகழ்ச்சியை அரை மணி நேரம் தள்ளிப்போட்டு, அதை வெளியே நிற்பவர்களுக்கு மைக்கில் சொல்ல வேண்டும்.

நெரிசல் முற்றியபின் அவசரமாக ஒரு கதவைத் திறந்துவிடுவது இன்னும் ஆபத்து. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் வெளியே நெருக்கடி என்று பெரிய கேட் ஒன்றைத் திறந்தார்கள். நேர் எதிரே இருந்த சுரங்கவழியை யாரும் அடைக்கவில்லை. வந்தவர்கள் அதன் வழியே ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புக்குள் போனார்கள். 97 உயிர்கள். 2025 ஜனவரியில் திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் காத்திருந்த இடத்தில், உடம்பு முடியாத ஒருவருக்காகக் கதவைத் திறந்ததும், டோக்கன் கொடுக்கத்தான் திறக்கிறார்கள் என்று நினைத்து மற்றவர்கள் முன்னேறினார்கள். 6 பேர் இறந்தார்கள். முடியாதவர்களை வெளியே கொண்டுவரத் தனியாக ஒரு பக்கவழி வேண்டும். அதைக் கூட்டம் கூடுவதற்கு முன்பே போட்டுவைக்க வேண்டும்.

டோக்கன், இலவச பாஸ் என்று அறிவிக்கும்போது எத்தனை, எங்கே, எப்போது என்று தெளிவாகச் சொல்லாமல் விடுவதும் பெரிய தவறு. 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடிவதற்கு முன்பே பள்ளி வாசலில் திரண்டவர்களில் 42 பேர் இறந்தார்கள். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் கேட்டுகளில் 11 பேர். உள்ளே போக முடியுமா முடியாதா என்று தெரியாதவர்கள் கேட்டை விட்டு நகர மாட்டார்கள். இடம் நிரம்பிவிட்டதா? கேட்டுக்கு வந்தபின் சொன்னால் தாமதம். பஸ் ஸ்டாண்டிலேயே, தெருமுனையிலேயே ஆள் நிறுத்திச் சொல்லி, அங்கிருந்தே திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொன்றைப் பலர் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டித்தான் உயிர் போகிறது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் சமாளிக்கலாம். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், யாருக்கும் தன் கால் மேல் கட்டுப்பாடு இருக்காது. அந்த நிலையில் முன்வரிசையைப் பார்த்து "தள்ளாதீங்க" என்று கத்திப் பயனில்லை. நிறுத்த வேண்டியது பின்னால் வந்து சேருகிறவர்களை. அதனால் மாடியிலோ மேடையிலோ, கூட்டம் முழுவதும் தெரிகிற இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கையில் வாக்கி-டாக்கி, கடைசி வரிசைக்கும் கேட்கும் ஒலிபெருக்கி, நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மூன்றும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கொடுக்கத்தான் கமிட்டிக்காரர்கள் தயங்குவார்கள். விடாமல் கேட்டு வாங்குங்கள்.

வெயிலில் நிற்கவைப்பதும் வாசல் தவறுதான். 2024 அக்டோபரில் மெரினா விமான சாகசத்துக்கு வந்த 5 பேர் உயிரிழந்தது நினைவிருக்கும். தண்ணீரைப் பந்தலுக்குள் மட்டும் வைக்காதீர்கள். வரிசை நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சின்னக் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

அப்புறம், வெளியேறும் வழி. டிக்கெட் இல்லாமல் யாராவது நுழைந்துவிடுவார்கள் என்று அவசரக் கதவுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1997-இல் டெல்லி உபஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பால்கனிக் கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டுக்குப் பதில் ஒரு ஆளை நிறுத்துங்கள். வரும்போது இரண்டு மணி நேரமாகப் பிரிந்து பிரிந்து வந்த கூட்டம் போகும்போது ஒரே நேரத்தில் எழும். நன்றியுரை ஆரம்பிக்கும்போதே எல்லாக் கேட்டையும் முழுசாகத் திறந்து, வாசலில் நிற்கும் பைக்குகளை அப்புறப்படுத்திவிடுங்கள். பந்தல்காரர் ஒயரைச் சுருட்ட அவசரப்படுவார். கடைசி ஆள் மெயின்ரோட்டை அடையும்வரை ஜெனரேட்டர் ஓடட்டும்.