எதிரணியின் உதவிப் பயிற்சியாளரைத் தூக்கும்போது நடக்கும் தவறுகள்

ஒரு கிளப்பில் தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி ஆடத் தொடங்கினாலே, "அந்த அணியில் நோட்டும் கையுமாக ஓரமாய் நிற்கிறாரே, மூளையே அவர்தானாம், அவரைத் தூக்குங்கள்" என்ற பேச்சு கிளம்பிவிடும். ரசிகர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். கிளப்புக்கு ஆட்களை எடுக்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டராகப் புதிதாகப் பொறுப்பேற்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். இங்கிலாந்து கால்பந்தில் இருபத்தைந்து வருடமாகக் கண்ணெதிரே நடந்த சறுக்கல்கள்தான், ஒவ்வொன்றையும் முதல்முறை போலச் செய்கிறார்கள். சம்பளத்தை முதலில் பேசு, பழைய இடத்தில் விசாரி என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது தெரியாதவர் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டார்.

முதல் போன் ஆளுக்குப் போவது

ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளரிடம் பேசுவதற்கு முன் அவருடைய கிளப்பின் அனுமதி வேண்டும். விதி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் "சும்மா மனசு அறியத்தான்" என்று ஏஜென்டுக்கு ஒரு போன் போய்விடும். அந்த ஒரு போனில் பேரம் பேசும் பலம் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்.

2019 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த மிகேல் ஆர்ட்டெட்டாவின் வீட்டிலிருந்து ஆர்சனல் நிர்வாகிகள் பின்னிரவில் வெளியே வருவதைப் படம் பிடித்துவிட்டார்கள். அன்று மாலைதான் சிட்டி ஆர்சனலை அதன் மைதானத்திலேயே 3-0 என்று தோற்கடித்திருந்தது. முறையாகத் தகவல் சொல்லவில்லை என்று சிட்டி தரப்பில் கோபம் என்று செய்திகள் வந்தன. அந்த மனநிலையில் இருப்பவரிடம் போய் இழப்பீட்டைக் குறையுங்கள் என்று எப்படிக் கேட்பது? தன் தலைமைப் பயிற்சியாளர் மார்கோ சில்வாவை எவர்ட்டன் அணுகிய விஷயத்தில் வாட்ஃபோர்ட் புகாரே கொடுத்தது. எவர்ட்டன் பணம் கொடுத்துத்தான் அதை முடித்தது.

சரியான வரிசை இதுதான். கிளப் செயலாளர் எதிர்க் கிளப்பின் செயலாளருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். கடிதத்தில் நான்கு கேள்விகள் போதும்: ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, நோட்டீஸ் காலம் எவ்வளவு, விடுவிப்புத் தொகை எழுதப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதிக்குள் பதில் கிடைக்கும். பதில் வரும்வரை அந்த மனிதரின் மைத்துனரிடம்கூடப் பேசக் கூடாது.

கூடாரத்தோடு தூக்கி வருவது

பயிற்சியாளரோடு அவருடைய பழைய குழுவையும் சேர்த்துக் கொண்டு வரும் இதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இது கவனக்குறைவால் நடப்பதில்லை, உட்கார்ந்து யோசித்து, கையெழுத்துப் போட்டு, பெருமையோடு அறிவித்துச் செய்யும் தவறு.

2013-இல் மான்செஸ்டர் யுனைடெட் 11 புள்ளி வித்தியாசத்தில் லீக் பட்டம் வென்றது. தலைமைப் பயிற்சியாளர் ஃபெர்குசன் ஓய்வுபெற்றார், எவர்ட்டனிலிருந்து டேவிட் மோயஸ் வந்தார். கூடவே ஸ்டீவ் ரவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கோல்கீப்பர் பயிற்சியாளர் கிறிஸ் வுட்ஸ் என்று எவர்ட்டன் குழுவும் வந்தது. ஃபெர்குசனின் குழுவில் இருந்த மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் மூவரும் வெளியே போனார்கள். ஸ்பெயின் கோல்கீப்பர் டி ஹேயா ஆங்கிலம் தடுமாறிக்கொண்டு வந்த நாட்களில் அவரோடு பேசுவதற்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர் ஸ்டீல். எந்த வீரரைத் தட்டிக்கொடுக்க வேண்டும், யாரைத் தனியே கூப்பிட்டுத் திட்ட வேண்டும், யாருடைய முழங்கால் செவ்வாய்க்கிழமை பயிற்சியைத் தாங்காது என்பதெல்லாம் அந்த மூவரின் தலைக்குள் இருந்தது. அது எந்தக் கோப்பிலும் இல்லை. அடுத்த சீசனில் 89 புள்ளி 64 ஆனது. இடம் ஏழு. 2014 ஏப்ரலில் மோயஸும் போனார். அணிக்கு வயதாகியிருந்தது, வாங்கிய வீரர்கள் போதவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அப்படிப்பட்ட வருடத்தில்தான் பழைய ஆட்களின் நினைவு அதிகம் தேவைப்படும்.

இன்னொன்று பிரைட்டனின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கிரகாம் பாட்டர். 2022 செப்டம்பரில் செல்சி அவரையும் அவருடைய உதவியாளர்களான பில்லி ரீட், பியோர்ன் ஹாம்பெர்க், புருனோ, கோல்கீப்பர் பயிற்சியாளர் பென் ராபர்ட்ஸ் ஆகியோரையும் பிரைட்டனிலிருந்து அப்படியே அழைத்து வந்தது. எல்லாமாகச் சேர்த்து 2 கோடி பவுண்டுக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அக்டோபர் 29 அன்று பிரைட்டன் மைதானத்துக்கே போன செல்சி 4-1 என்று தோற்றது. 2023 ஏப்ரல் 2 அன்று பாட்டர் நீக்கப்பட்டார். செல்சி 44 புள்ளியோடு 12-ஆவது இடம். பயிற்சிக் குழுவையே இழந்த பிரைட்டன், புதிய தலைமைப் பயிற்சியாளர் டி செர்பியை வைத்து 62 புள்ளியோடு ஆறாவது இடம் பிடித்து, ஐரோப்பியப் போட்டிக்கும் போனது.

செல்சி பழையவர்களை அடியோடு துரத்தவில்லை, அதனால் இது மோயஸ் கதையின் நகல் அல்ல. இங்கே பிசகியது வேறு. பிரைட்டனில் அந்த ஐந்து பேரும் செய்த வேலை, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் தரவுக் குழு, அந்தக் குழு கொண்டுவந்த வீரர்கள், மூன்று வருடப் பொறுமை ஆகியவற்றின் மேல் நின்றிருந்தது. அவை பிரைட்டனிலேயே தங்கிவிட்டன. செடியைப் பிடுங்கிய கை மண்ணை விட்டுவிட்டு வந்தது.

சரி, என்ன செய்வது? ஒரு தாளில் ஏழு நாள் பயிற்சி வாரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் வேலைகளைப் பிரியுங்கள்: தடுப்பாட்டப் பயிற்சியை யார் நடத்துவது, எதிரணி வீடியோவை யார் வெட்டுவது, அதை வீரர்களிடம் யார் பேசுவது, ஆடாதவர்களுக்கு மறுநாள் பயிற்சி யார் கொடுப்பது, அணியில் இல்லை என்ற செய்தியை வீரரிடம் யார் சொல்வது, காயத்திலிருந்து திரும்புகிறவருக்கு எத்தனை நிமிடம் என்று மருத்துவக் குழுவோடு யார் பேசுவது. பக்கத்தில் இரண்டு பத்தி: இப்போது செய்பவர், இனிமேல் செய்யப்போகிறவர். எங்கே இரண்டு பெயர் விழுகிறதோ அங்கே அக்டோபரில் சண்டை வரும். எங்கே பெயரே இல்லையோ அங்கே ஆகஸ்டிலேயே ஓட்டை தெரியும்.

இந்தத் தாளை நிரப்பாமல் வருகிறவருக்கு ஒப்பந்தத்தை நீட்டாதீர்கள். ஆறு பேர் குழுவென்றால் குறைந்தது இரண்டு பழைய முகங்கள் இருக்கட்டும். முதல் பெயராகக் கோல்கீப்பர் பயிற்சியாளரை எழுதுங்கள். அவருக்கு மூன்று நான்கு மாணவர்கள்தான், பயிற்சி நேரத்தில் பாதி அவர்கள் தனியாகவே இருப்பார்கள், அந்த நம்பிக்கை ஒரு கோடையில் உருவாகாது. புதிய தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தைக் கோல்கீப்பரின் காலிலிருந்து கட்டி எழுப்புகிறவர் என்றால் மட்டும் அவரை மாற்றுவதற்கு நியாயம் உண்டு. "எனக்குப் பழக்கமானவர்" என்பது நியாயம் ஆகாது.

ஃபெர்குசனே 1999-இல் செய்ததைப் பாருங்கள். அவருடைய உதவியாளர் பிரையன் கிட் பிளாக்பர்னுக்குப் போய்விட்டார். சீசன் நடுவில் டார்பியிலிருந்து ஸ்டீவ் மெக்லாரன் என்ற ஒரே ஒருவரைத்தான் எடுத்தார். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மெக்லாரனின் முதல் ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக எட்டு கோல். மே மாதம் மூன்று கோப்பைகள்.

நல்ல இரண்டாமவரை முதல்வராக்குவது

அதே கிட். 1998 டிசம்பரில் பிளாக்பர்ன் அவரைத் தலைமைப் பொறுப்புக்கு எடுத்தது. மே மாதம் அந்த அணி தரமிறங்கியது. அதை உறுதிசெய்த 0-0 ஆட்டம் யுனைடெட்டோடுதான். நவம்பரில் வேலை போயிற்று. பிறகு சிட்டியில் மான்சினி, பெல்லெக்ரீனி, குவார்டியோலா என்று மூன்று பேருக்கும் உதவியாளராக இருந்து பட்டங்கள் பார்த்தார். ஆர்சனலின் தலைமைப் பொறுப்புக்குப் போன ஆர்ட்டெட்டாவும் உதவியாளராக இருந்தவர்தானே என்பார்கள். ஆம், ஆனால் ஆளை எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தோற்ற மறுநாள் காலை வீரர்கள் முன்னால் தனியாக நின்று பேசியிருக்கிறாரா?

ஒரு சீசன் எண்ணை நம்பிச் செட் பீஸ் கோச் எடுப்பது

கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்துகளுக்கான பயிற்சியாளர்தான் செட் பீஸ் கோச். அப்படி ஒருவரான நிக்கோலஸ் ஜோவர் பிரென்ட்ஃபோர்டிலிருந்து சிட்டிக்கும், 2021-இல் ஆர்சனலுக்கும் போன பிறகு எல்லோருக்கும் ஒரு ஜோவர் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஐந்து கார்னர் என்று வையுங்கள், 38 ஆட்டத்தில் 190. நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல் விழுவதே வழக்கம். ஆக ஒரு சீசனுக்கு ஆறிலிருந்து எட்டு. இன்னொரு அணி பத்து அடித்தால் அது திறமையா, இரண்டு மூன்று பந்து முதுகில் பட்டு உள்ளே போனதா என்று ஒரு சீசனை வைத்துச் சொல்ல முடியாது. கோலை எண்ணாதீர்கள். இரண்டு மூன்று சீசனில் கார்னர் பந்தை முதலில் தொட்டது எத்தனை முறை அவருடைய ஆள், எதிரணிக் கார்னரில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். அதில் அதிர்ஷ்டம் குறைவு.

அவருக்குத் தர வேண்டியது பணத்தைவிட நேரம். வாரத்துக்கு இரண்டு முறை, தலா 20 நிமிடம், முதல் பதினொருவரோடு. தலைமைப் பயிற்சியாளர் இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால் ஆளை எடுக்கவே வேண்டாம். வியாழன், ஞாயிறு என்று ஆடும் அணியில் முதலில் பறிபோவது இந்த 20 நிமிடம்தான். உயரமும் பார்க்க வேண்டும்: பந்தைத் துல்லியமாகப் போடும் கால் ஒன்று, தலையால் முட்டும் ஆள் மூன்று பேர். இவை இல்லாத அணிக்கு எந்த ஜோவர் வந்தாலும் கார்னர் கார்னராகவே இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். டெக்னிக்கல் ஏரியாவிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட்ட உத்தரவு சொல்லலாம் என்பது ஆட்ட விதி. கார்னர் வரும்போது எழுந்து நிற்பது யார், உட்காருவது யார் என்று முன்பே பேசி வையுங்கள்.

தலைமைப் பயிற்சியாளரோடு ஆயுள் கட்டப்பட்ட ஒப்பந்தம்

2024 கோடையில் யுனைடெட் தன் தலைமைப் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்குக்குத் துணையாக வான் நிஸ்டல்ரோயையும், நெதர்லாந்துக் கிளப்களிலிருந்து ரெனே ஹேக்கையும் கோல்கீப்பர் பயிற்சியாளர் யெல்லே டென் ரூவெலாரையும் எடுத்தது. அக்டோபர் 28 அன்று டென் ஹாக் நீக்கம். ரூபன் அமோரிம் தன் ஆட்களோடு வந்தார். நவம்பர் 11 அன்று இவர்கள் மூவரும் வெளியே. டென் ஹாக்கையும் குழுவையும் அனுப்பியதற்கு மட்டும் 1 கோடியே 4 லட்சம் பவுண்டு என்று கிளப்பின் கணக்கில் வந்தது.

ஆட்டம் காணும் தலைமைப் பயிற்சியாளருக்குப் புது உதவியாளர் வாங்குவது சாய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: தலைமைப் பயிற்சியாளர் போனால் எத்தனை மாதச் சம்பளத்தோடு பிரியலாம், அல்லது கிளப்பிலேயே எந்த வேறு வேலைக்கு மாறலாம்.

நோட்டீஸ் காலம்

நோட்டீஸ் காலம் முடியும்வரை ஆளைச் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பது எதிரணியின் உரிமை. செல்சியின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் டுகெல் 2023 மார்ச்சில் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். செல்சியில் தன் உதவியாளராக இருந்த ஆண்டனி பேரியைக் கேட்டார். இழப்பீடு பேசி முடிய ஏப்ரல் ஆகிவிட்டது, அதற்குள் சீசனே முடியும் கட்டத்துக்கு வந்திருந்தது. பயிற்சியாளர் அல்லாத பதவிகளிலும் இதே கதைதான்: 2024-இல் தன் ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த்தை நியூகாசில் பிப்ரவரியிலிருந்து வீட்டில் உட்கார வைத்தது, ஜூலையில்தான் அவர் யுனைடெட்டுக்குப் போனார். டிசம்பரில் அங்கிருந்தும் கிளம்பினார்.

ஜூலை முதல் வாரத்தில் ஆள் மைதானத்தில் இருக்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் கடிதம் போயிருக்க வேண்டும்.

விசா

பிரெக்சிட்டுக்குப் பிறகு போர்ச்சுகலோ ஸ்பெயினோ, இங்கிலாந்துக்கு வர வேலை அனுமதி வேண்டும். தலைமைப் பயிற்சியாளருக்குச் சுலபமாகக் கிடைப்பது மூன்றாவது உதவியாளருக்கும் கிடைக்கும் என்று எண்ணி அறிவிப்பு வெளியிடாதீர்கள்.

உரிமம்

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் கிளப் உரிம விதிப்படி முதல் அணியின் உதவிப் பயிற்சியாளருக்கு 'ஏ' உரிமம் போதும், தலைமைக்கு 'புரோ' வேண்டும். வில் ஸ்டில் 'புரோ' இல்லாமல் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது பிரான்சின் ரேம்ஸ் கிளப் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது.

பழைய லேப்டாப்

தலையில் இருப்பதைக் கொண்டு வரலாம், ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை அல்ல. சிட்டியிலிருந்து 2012-இல் லிவர்பூலுக்குப் போன ஸ்கவுட்கள் தொடர்பாக, சிட்டியின் வீரர் தரவுத்தளத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்ததாகப் பிரச்சினை எழுந்தது. 2013-இல் லிவர்பூல் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 10 லட்சம் பவுண்டு கொடுத்து அதை முடித்துக்கொண்டது என்ற செய்தி 2019-இல் வெளியானது.

ஆகவே முதல் நாள் வேலை பயிற்சி மைதானத்தில் தொடங்குவதில்லை. புது லேப்டாப், புது மின்னஞ்சல், பழைய கிளப்பின் கோப்போ கடவுச்சொல்லோ தன்னிடம் இல்லை என்று ஒரு கையெழுத்து. வீடியோ வெட்டும் மென்பொருளில் பழைய கணக்கு இன்னும் திறக்கிறதா என்று அவர் முன்னாலேயே சோதியுங்கள். திறந்தால் அன்றே பழைய கிளப்புக்கு எழுதி மூடச் சொல்லுங்கள்.